நீச்சல் குளத்து வேலிக்கு எந்தக் கால், எப்படி ஊன்றுவது?

கானாடுகாத்தான் பக்கத்தில் உங்கள் ஐயா காலத்து வீட்டைப் பழுதுபார்த்து விருந்தினர் தங்கும் வீடாக ஆக்கியிருக்கிறீர்கள். பின்கட்டைத் தாண்டிய தோட்டத்தில் 10 மீட்டருக்கு 5 மீட்டர் நீச்சல் குளம். கட்டி முடிந்துவிட்டது, இன்னும் தண்ணீர் விடவில்லை. மூன்று பக்கம் ஆளுயரக் காம்பவுண்டுச் சுவர், நான்காவது பக்கம் வீடு. தனியாக வேலி வேண்டுமா, வேண்டுமென்றால் கால் எதில் போடலாம், வீட்டின் அழகு கெடாமல் 20, 30 வருடம் நிற்க எப்படி ஊன்ற வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த வட்டாரத்தில் பழைய வீடுகளைப் புதுப்பிக்கும் வேலையில்தான் நான் பல வருடமாக இருக்கிறேன். குளத்து வேலிகளும் போட்டிருக்கிறேன். அதில் ஒன்று என் தவறால் கெட்டது, அதையும் சொல்கிறேன்.

முதலில், வேலி வேண்டுமா என்பது. கட்டாயம் வேண்டும். காம்பவுண்டுச் சுவர் தெருப்பிள்ளையைத் தடுக்கும், வீட்டுக்குள் இருக்கும் பிள்ளையைத் தடுக்காது. மத்தியானச் சாப்பாடு முடிந்து பெரியவர்கள் கண்ணயரும் நேரத்தில், திறந்து கிடக்கும் பின்கட்டுக் கதவு வழியாக மூன்று வயதுப் பிள்ளை நேரே தண்ணீரைப் பார்க்கப் போய்விடும். சின்னப் பிள்ளை தண்ணீரில் விழுந்தால் பெரும்பாலும் சத்தமே கேட்காது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் உலகம் முழுக்கச் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். அதில் ஏறக்குறைய கால் பங்கு 5 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகள். அதனால் வேலி குளத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் வந்தாக வேண்டும். மூன்று பக்கச் சுவரை நம்பி வீட்டுப் பக்கத்தைத் திறந்து விட்டால் வேலி போட்டதாகவே கணக்கில்லை.

அப்படியானால் சுவரிலிருந்து சுவருக்கு ஒரே நேர்கோட்டில் குறுக்காக அடைத்துவிடலாமே, செலவு பாதியாகுமே என்று தோன்றும். நான் அதைச் சொல்ல மாட்டேன். அப்படி அடைத்தால் கிணறு, துவைகல், முல்லைப்பந்தல், வடகம் காயப்போடும் இடம் எல்லாம் வேலிக்கு அந்தப் பக்கம் போய்விடும். ஒரு நாளைக்கு இருபது தடவை அந்தக் கதவைத் திறக்க வேண்டிவரும். திறக்கிற கதவுக்கு இரண்டாம் நாளே யாராவது ஒரு செங்கல்லை முட்டுக்கொடுத்து வைப்பார்கள். குளத்தில் இறங்குவதற்குத் தவிர வேறெதற்கும் அந்தக் கதவைத் திறக்கும் வேலை இருக்கக் கூடாது. எனவே குளத்தை மட்டும் சுற்றி, விளிம்பிலிருந்து நாலு பக்கமும் ஒன்றரை மீட்டர் நடைபாதை விட்டு அடையுங்கள். உங்கள் குளத்துக்கு அது 13 மீட்டருக்கு 8 மீட்டர், சுற்றளவு 42 மீட்டர். 1.8 மீட்டருக்கு ஒரு கால் என்றால் கதவுக்கால்களையும் சேர்த்து 24, 25 கால் வரும்.

சரி, கால் விஷயத்துக்கு வருவோம்.

தொழிலுக்கு வந்த புதிதில் தேவகோட்டைப் பக்கம் ஒரு வீட்டில் சதுரக் குழாயில் வேலி போட்டேன். கடைக்காரர் துருப்பிடிக்காத குழாய் என்றார், நானும் நம்பி வாங்கினேன். பட்டறையில் வெட்டி, பற்றவைத்து, கறுப்பு வண்ணம் அடித்து, குழி தோண்டிக் கான்கிரீட்டில் நிறுத்தினோம். பார்க்க அவ்வளவு நேர்த்தி. நாலாவது வருடம் தைப்பொங்கலுக்கு அந்த வீட்டுக்குப் போனவன் பேசிக்கொண்டே ஒரு காலில் கை வைத்துச் சாய்ந்தேன். கால் என்னோடு சேர்ந்து சாய்ந்தது. குனிந்து பார்த்தால், தரைக்கு மேலே ஒரு விரற்கடை உயரம் வரை வண்ணம் கொப்பளித்திருந்தது. நகத்தால் சுரண்டினேன், செதில் செதிலாக உதிர்ந்து உள்ளே வெறும் ஓட்டையாக இருந்தது. அதற்கு ஒரு சாண் மேலே குழாய் புதுசு. கான்கிரீட்டுக்குள் புதைந்திருந்த பகுதியை உடைத்து எடுத்துப் பார்த்தோம், அதுவும் நன்றாகவே இருந்தது. நடுவில் இரண்டு மூன்று அங்குலம் மட்டும் செத்துப் போயிருந்தது. அந்த வேலியை என் செலவில் மாற்றிக் கொடுத்தேன்.

வேலிக்கால் எதில் செய்ததானாலும் அது சாகிற இடம் மண்மட்டம்தான். மேலே காற்று, வெயில், காய்ந்துவிடுகிறது. ஆழத்தில் ஈரம் இருந்தாலும் காற்று குறைவு. மண்மட்டத்தில் மட்டும் ஈரமும் காற்றும் சேர்ந்து இருக்கின்றன. இரும்பு துருப்பிடிக்கவும், மரத்தில் பூஞ்சை பிடிக்கவும், கரையான் ஏறவும் அந்த இரண்டும்தான் வேண்டும். குளத்தங்கரையில் தெறிக்கும் தண்ணீரில் உலோகத்தை அரிக்கும் குளோரைடு வேறு இருக்கிறது. உப்பிலிருந்து குளோரின் தயாரிக்கும் இயந்திரம் வைத்தால் குளத்துத் தண்ணீரில் லிட்டருக்கு 3, 4 கிராம் உப்பு இருக்கும். கடல்நீரில் 35 கிராம், அதைவிட இது எவ்வளவோ குறைவு. ஆனால் தெறித்த துளி நம் வெயிலில் காய்ந்து, மறுபடி தெறித்து, மறுபடி காய்ந்து, காலின் அடியில் உப்பு கூடிக்கொண்டே போகும். ஆகவே எந்தக் காலைத் தேர்ந்தெடுப்பது என்று யோசிக்கும்போது மேலே எப்படித் தெரியும் என்பதை அப்புறம் பாருங்கள், மண்மட்டத்தில் என்ன ஆகும் என்று முதலில் பாருங்கள்.

இதை நம் பெரியவர்கள் தெரிந்தே செய்திருக்கிறார்கள். உங்கள் வீட்டு வளவுக்கு, அதாவது உள்முற்றத்துக்குப் போய் ஒரு பர்மா தேக்குத் தூணின் அடியைப் பாருங்கள். தூண் தரையைத் தொடாது. கருங்கல் பீடத்தின் மேல் உட்கார்ந்திருக்கும். நூறு வருடத் தூண் இன்றும் தட்டினால் கணீரென்று இருக்கிறது என்றால், மரம் நல்ல மரம் என்பது பாதிதான் காரணம். மழைத்தண்ணீரும் கரையானும் நேரே ஏறாதபடி கல்லை நடுவில் வைத்தது மறுபாதி.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய தேக்குத் தூண்கள் கிடைக்கும், அதையே வேலிக்காலாக நட்டால் வீட்டோடு ஒத்துப்போகுமே என்று எழுதியிருந்தீர்கள். ஆசை நியாயமானது. ஆனால் மண்ணில் நடாதீர்கள். வைரம் பாய்ந்த தேக்கு கரையானை நன்றாகவே தாங்கும். ஆனாலும் ஈரமும் வெயிலும் மாறி மாறி அடிக்கும் குளத்தங்கரை மண்ணில் அதுவும் ஒருநாள் இற்றுப்போகும், வைரம் பாயாத வெளிறு கலந்த மரமென்றால் சீக்கிரமே. தேக்கு வேண்டுமென்றால் கருங்கல் அடிக்கால் ஊன்றி, அதன் மேல் உலோகத் தகடால் மரத்தைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். தரைக்கும் மரத்துக்கும் நாலு விரல் இடைவெளி இருக்கட்டும். செய்யலாம், வேலை அதிகம். பனங்கால் பற்றியும் சிலர் சொல்வார்கள். பனையில் வெளிப்புற வைரம் மட்டும்தான் உறுதி, உள்ளே சோறு. அந்தச் சோறு மண்ணில் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். புதுசாகப் பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021இல் அரசும் அறிவித்துவிட்டது. விட்டுவிடுங்கள்.

தோட்டத்து வேலிக்குப் போடும் சிமெண்ட் கால் மலிவு. அதில் கம்பிக்கு மேல் இருக்கும் கான்கிரீட் பூச்சு பெரும்பாலும் கட்டைவிரல் கனம்கூட இருக்காது. குளோரைடு உள்ளே இறங்கிக் கம்பி துருவேறினால், துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். காலின் முனையோடு ஒரு கோடு கீறினாற்போல் மேலிருந்து கீழாக வெடிப்பு விழும். அப்படி ஒரு வெடிப்பைப் பார்த்தால் அந்தக் கால் முடிந்தது என்று அர்த்தம். கம்பிக்கு எல்லாப் பக்கமும் 40 மி.மீ. பூச்சு கொடுத்து நீங்களே வார்த்தால் சரி, கடையில் அடுக்கி வைத்திருப்பது குளத்துக்கு ஆகாது.

இரும்புக் குழாயில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள், நான் ஏமாந்ததும் அதில்தான். கடையில் ஜிஐ, ஜிபி என்று இரண்டு சொல்வார்கள். ஜிஐ என்பது குழாயாகச் செய்த பிறகு உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்தது. ஜிபி என்பது துத்தநாகம் பூசிய தகட்டைச் சுருட்டிச் செய்த குழாய். அதன் பூச்சு ஒரு பக்கத்துக்கு 10 மைக்ரானுக்கும் குறைவாக இருப்பது சாதாரணம். அதைப் பற்றவைத்தால் அந்த இடத்தில் பூச்சும் எரிந்துவிடும். செய்து முடித்த பொருளை அப்படியே உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுப்பதுதான் சரியான முறை. 450 டிகிரி சூட்டில் முக்குவார்கள், பூச்சு 65 முதல் 85 மைக்ரான் வரை ஏறும். ஆகவே வெட்டுவது, துளைப்பது, பற்றவைப்பது எல்லாம் முடிந்த பிறகு முக்குவதற்கு அனுப்புங்கள். குழாயின் இரண்டு முனையிலும் காற்றுத்துளை போடச் சொல்லுங்கள். மூடிய குழாயை உருகிய துத்தநாகத்தில் இறக்கினால் உள்ளே சிக்கிய ஈரம் ஆவியாகி வெடித்துவிடும். குழாய் வாங்கும்போது பி கிளாஸ் கேளுங்கள். இந்தியத் தரநிர்ணயமான ஐஎஸ் 1239 முறைப்படி மெல்லிய ஏ கிளாஸுக்கு மஞ்சள் பட்டை, நடுத்தர பி-க்கு நீலம், கனமான சி-க்குச் சிவப்பு. 2 அங்குல பி கிளாஸ் குழாயின் கனம் 3.6 மி.மீ. என் தேவகோட்டைக் குழாய் அதில் பாதிகூட இல்லை.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் துருவே பிடிக்காது என்று நினைத்துவிட வேண்டாம். நம் ஊர்களில் மாடிப்படிக் கைப்பிடிக்குப் போடுவது பெரும்பாலும் 202 என்ற ரகம். நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்தது. வீட்டுக்குள் பளபளப்பாக இருக்கும், குளத்தங்கரையில் சீக்கிரமே பழுப்புப் புள்ளி விழும். 304 அதைவிட மேல். குளத்துக்குப் பொருந்துவது 316. அதில் 2, 3 சதவீதம் மாலிப்டினம் இருக்கிறது, குளோரைடு குத்திக் குழி விழுவதை அதுதான் தடுக்கிறது. காந்தம் வைத்துப் பார்த்து ரகம் சொல்வார்கள், அதை நம்பாதீர்கள். 202, 304, 316 மூன்றுமே காந்தத்தில் அநேகமாக ஒட்டாது. மாலிப்டினம் சோதிக்கும் துளிமருந்து இருக்கிறது, உங்கள் எதிரிலேயே ஒரு சொட்டு விட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஆலைச் சான்றிதழையும் கேட்டு வாங்குங்கள்.

கடல் இல்லாத ஊரில் இவ்வளவு பயம் எதற்கு என்று ஒருவர் என்னிடம் கேட்டார். உலோக அரிப்பை ஆராய்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமே நம் காரைக்குடியில்தான் இருக்கிறது என்றேன். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து இங்கே வரவழைத்தது. 1948இல் அடிக்கல், 1953இல் திறப்பு. கடற்காற்றில் உலோகம் என்ன பாடுபடுகிறது என்று பார்க்க அவர்களுக்கு ராமேசுவரம் பக்கத்து மண்டபம் என்ற கடற்கரை ஊரில் சோதனைக் களமும் உண்டு. நீங்கள் குளத்தில் உப்பும் குளோரினும் போட்டால், ஒரு சின்ன மண்டபத்தை வீட்டுக்குப் பின்னால் கொண்டுவந்த மாதிரிதான்.

அலுமினியம் இலேசு, துருவும் இல்லை. ஆனால் ஈரச் சிமெண்டின் காரம் அலுமினியத்தை அரிக்கும், புதையும் பகுதிக்குத் தார்ப்பூச்சு கொடுக்காமல் கான்கிரீட்டில் வைக்கவே கூடாது. கண்ணாடி வேலி அழகுதான். நம் ஆழ்துளைக் கிணற்று உப்புத்தண்ணீர் தெறித்துக் காய்ந்தால் தினம் ஒரு ஆள் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் கருங்கல் கால்தான் போடுவேன். 15 செ.மீ.க்கு 10 செ.மீ. கனத்தில், 2 மீட்டர் நீளத்தில். மண்மட்டத்தில் அதற்குச் சாவே கிடையாது. துரு இல்லை, கரையான் இல்லை, குளோரின் அதை ஒன்றும் செய்யாது. பீடமும் படியும் கல்லாக இருக்கும் உங்கள் வீட்டோடு ஒட்டியும் போகும். ஒரு கால் ஏறத்தாழ 80 கிலோ வரும், தூக்கி நிறுத்த இரண்டு பேர் கட்டாயம் வேண்டும், மூன்று பேர் இருந்தால் நல்லது. கல்லுக்கு இருக்கும் ஒரே குறை, பக்கவாட்டில் பலமாக மோதினால் ஒடியும் என்பது. அதனால் குவாரியில் வாங்கும்போது ஒவ்வொரு காலையும் கிடத்தி, இரண்டு முனையிலும் முட்டுக்கொடுத்து, சின்னச் சுத்தியலால் தட்டிக் கேளுங்கள். நல்ல கல் மணி மாதிரி சத்தம் கொடுக்கும். உள்ளே கீறல் இருந்தால் சத்தம் அமுங்கிப்போகும், அதை ஒதுக்கிவிடுங்கள். கம்பிச் சட்டத்தின் குறுக்குப் பட்டியைப் பூட்டும் துளைகளைக் கல்பட்டறையிலேயே போட்டு வாங்கிவிடுங்கள், முனையிலிருந்து 8 செ.மீ.க்குக் குறையாமல் தள்ளி. கல்லுக்குள் சாதாரண இரும்புப் போல்ட் வைக்கவே கூடாது. துரு உப்பிக் கல்லைப் பிளந்துவிடும். 316 போல்ட், நைலான் வாஷர், எபாக்ஸிப் பசை. கல்கால்களுக்கு நடுவில் வரும் கம்பிச் சட்டம் மட்டும் முக்கி எடுத்த இரும்பாக இருக்கட்டும். அது மண்ணைத் தொடாது, பழுதானாலும் கழற்றி மாட்டிக்கொள்ளலாம்.

இனி ஊன்றுவது. குழி தோண்டுவதற்கு முன் குளம் கட்டியவரைக் கூப்பிட்டு நிலத்தடியில் எந்தக் குழாய் எங்கே போகிறது, விளக்குக்கான மின்கம்பி எங்கே போகிறது என்று சுண்ணாம்பால் தரையில் கோடு போடச் சொல்லுங்கள். ஒரு கடப்பாரைக் குத்து போதும், குழாய் உடைந்தது தெரியாமல் மாதக்கணக்கில் தண்ணீர் மண்ணுக்குள் போய்க்கொண்டிருக்கும். ஆத்தங்குடிக் கல் (கையால் வார்க்கும் சிமெண்ட் தரைக்கல்) பதித்த நடைபாதையைத் துளைத்துக் கால் வைக்கவும் வேண்டாம். கல்லும் வீணாகும், அடியில் உறுதியும் இருக்காது. வேலி நடைபாதைக்கு வெளியே போகட்டும். ஈரத்தில் ஆத்தங்குடிக் கல் வழுக்கும் என்பதையும் இங்கேயே சொல்லிவைக்கிறேன், குளத்தைச் சுற்றிக் கொத்திய கருங்கல்தான் நல்லது.

அடுத்தது நிரப்பு மண். பலர் கோட்டைவிடுவது இதில்தான். குளத்துக்குத் தோண்டும்போது சுவருக்கு வெளியே வேலை செய்ய இரண்டு மூன்று அடி கூடுதலாக வெட்டியிருப்பார்கள். சுவர் எழுந்த பிறகு அந்த இடைவெளியில் மண்ணைத் தள்ளி மூடியிருப்பார்கள். மேலே பார்த்தால் எல்லாம் ஒரே செம்மண்தான். கடப்பாரையை எடுத்துக் குளத்தின் விளிம்பிலிருந்து வெளிநோக்கி அடிக்கு ஒரு குத்தாகக் குத்திப் பாருங்கள். நிரப்பு மண்ணில் கடப்பாரை தன் பாரத்திலேயே இறங்கும். பழைய செம்புறாங்கல் தரையைத் தொட்டதும் 'டங்' என்று நின்று கையில் அதிரும். அந்த அதிர்வு கிடைக்கிற இடத்தில்தான் உங்கள் கால் நிற்க வேண்டும். ஒன்றரை மீட்டர் தள்ளியும் மண் இளகலாக இருந்தால், மழைக்காலத்தில் அது அமுங்கும், கால் குளத்துப் பக்கம் சாயும். அப்போது இரண்டே வழி. வேலியை இன்னும் வெளியே தள்ளுங்கள், இல்லையென்றால் கெட்டித்தரை வரை குழியை ஆழப்படுத்துங்கள்.

குழி 30 செ.மீ. அகலம். கல் 65 செ.மீ. மண்ணுக்குள் இருக்கும்படி ஆழம் வையுங்கள், மீதி 1.35 மீட்டர் மேலே நிற்கும். செம்புறாங்கல்லில் 40 செ.மீ.யில் கடினத்தட்டு வந்ததும் போதும் என்று ஆட்கள் நிறுத்தப் பார்ப்பார்கள். விடாதீர்கள், உடைக்கும் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்து ஆழத்தை முடியுங்கள். அடியில் 15 செ.மீ. ஜல்லி போட வேண்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள், தண்ணீர் வடிய. அதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யாமல், தோண்டிய குழியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி வையுங்கள். காலையில் வடிந்திருந்தால் குழியை இன்னும் 15 செ.மீ. ஆழப்படுத்தி ஜல்லி போடுங்கள். அப்படியே நின்றால் அந்தக் குழி ஒரு கிண்ணம். ஜல்லி போட்டால் ஐப்பசி கார்த்திகை முழுக்க அங்கே தண்ணீர் தேங்கும். அந்த மாதிரிக் குழியை அடியிலிருந்தே கான்கிரீட்டால் நிரப்பிவிடுங்கள்.

நாலு மூலைக் கால்களை முதலில் நிறுத்தி, மேலும் கீழும் நூல் பிடித்து, நடுக்கால்களை அந்த நூலுக்குத் தொட்டும் தொடாமலும் வைக்க வேண்டும். தூக்குக்குண்டை ஒரு முகத்தில் மட்டும் பிடித்துவிட்டுக் கொத்தனார் நகர்ந்துவிடுவார், பக்கத்து முகத்திலும் பிடிக்கச் சொல்லுங்கள். இரண்டு திசையில் சவுக்குக் கம்பு முட்டுக்கொடுத்த பிறகுதான் கான்கிரீட். சிமெண்ட், மணல், ஜல்லி 1:2:4 கலவை, தண்ணீர் அளவோடு. கலவை கஞ்சி மாதிரி ஓடினால் வேலை சுலபம், பலம் போய்விடும். அரை அடிக்கு ஒருமுறை கம்பியால் குத்தி இறுக்குங்கள். ஒரு மூட்டை சிமெண்டில் இந்த அளவுக் குழி மூன்று நிரம்பும். கல்லுக்கு உப்புத்தண்ணீரில் கலந்தாலும் பெரிய கேடில்லை. இரும்புக் கால் வைக்கும் குழிக்கு மட்டும் குடிதண்ணீரையே ஊற்றுங்கள். உள்ளே இரும்பிருக்கும் கான்கிரீட்டுக்குத் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மி.கிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது ஐஎஸ் 456 சொல்லும் வரம்பு.

கான்கிரீட்டின் தலையைத் தரைக்கு ஒரு அங்குலம் மேலே கொண்டுவந்து, காலிலிருந்து நாலு பக்கமும் சரிவாகக் கரணையால் இழுத்துவிடுங்கள், தண்ணீர் காலடியில் நிற்காமல் வழிந்து போகட்டும். இரண்டு நிமிட வேலை, ஆனால் காலின் ஆயுசே இதில்தான் இருக்கிறது. இரும்புக் காலாக இருந்தால் அந்த மட்டத்துக்கு மேலே 15, கீழே 15 செ.மீ.க்கு எபாக்ஸிப் பூச்சும் கொடுக்க வேண்டும், குழாயின் தலையை மூடியால் அடைக்க வேண்டும். சித்திரை வெயிலில் வேலை செய்தால் சாயங்காலம் கான்கிரீட் போட்டு, ஈரச் சாக்கு சுற்றி, 7 நாள் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதுவரை சட்டத்தை மாட்ட வேண்டாம்.

கதவுக்கால் தனி. வேலியில் முதலில் தோற்பது அதுதான், ஏனென்றால் அது மட்டும்தான் தினமும் இழுபடுகிறது. ஒரு மீட்டர் அகலக் கதவு, அதைத் தாங்கும் கால் ஒரே ஒரு டிகிரி சாய்ந்தால் கதவின் மறுமுனை 17 மி.மீ. இறங்கிவிடும். தாழ்ப்பாள் அதன் பள்ளத்தில் விழாது. கதவு மூடினாற்போல் தெரியும், பூட்டியிருக்காது. பிள்ளை இழுத்தால் திறக்கும். எனக்கு இரவில் தூக்கம் கெட்டால் இந்தக் கதவு நினைவில்தான் கெடும். ஆகவே கதவுக்கால் இரண்டுக்கும் குழி 90 செ.மீ. ஆழம், 45 செ.மீ. அகலம். கல் 15க்கு 15 செ.மீ. கனம், 2.25 மீட்டர் நீளம். இரண்டு குழியையும் நிலத்தடியில் ஒரு கான்கிரீட் பட்டையால் இணைத்துவிட்டால் ஒன்றைவிட்டு ஒன்று நகராது. கதவை 14 நாள் கழித்து மாட்டுங்கள். கதவு குளத்துக்கு எதிர்ப்பக்கம், வெளிநோக்கித் திறக்க வேண்டும், பிள்ளை சாய்ந்தாலும் மூடவே செய்யும். தானே மூடும் ஸ்பிரிங் கீல், தானே விழும் தாழ்ப்பாள். தாழ்ப்பாளின் பிடி தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கட்டும், அதற்காகக் கதவுச் சட்டத்தின் ஒரு கம்பியை மேலே நீட்டிக்கொள்ளலாம்.

அளவுக்கு ஆஸ்திரேலிய முறையைத்தான் நான் பின்பற்றுகிறேன், அங்கே வீட்டுக் குளத்துக்கு வேலி சட்டப்படி கட்டாயம். உயரம் குறைந்தது 1.2 மீட்டர், கம்பிக்குக் கம்பி இடைவெளி 10 செ.மீ.க்கு மேல் கூடாது, அடியிலும் அப்படியே. பட்டறைக்குப் போகும்போது 90 மி.மீ. பிவிசி குழாயில் ஒரு துண்டு எடுத்துப் போங்கள். எந்த இடைவெளியிலும் அது நுழையாவிட்டால் சரி. கம்பிகள் செங்குத்தாகவே வரட்டும். நடுவில் குறுக்குப் பட்டி வைத்தால் அது ஏணிப்படி. மேல் பட்டிக்கும் கீழ்ப் பட்டிக்கும் இடையே 90 செ.மீ.யாவது இருக்க வேண்டும். வேலிக்கு வெளியே 90 செ.மீ.க்குள் ஏறி நிற்க ஏதுவான எதுவும் கூடாது. நம் தோட்டங்களில் பழைய ஆட்டுக்கல், உரல், அண்டா எல்லாம் அழகுக்காக வரிசையாக வைத்திருப்போம். அவற்றைத் தூரத் தள்ளுங்கள். அந்த வரிசை பிள்ளைக்குப் படிக்கட்டு.

மின்சாரத்தையும் மறக்காதீர்கள். குளத்தில் நிற்கும் ஈரக்கையால் எட்டித் தொடக்கூடிய உலோகச் சட்டங்கள் எல்லாவற்றையும் செம்புக் கம்பியால் இணைத்து, குளத்துக் கம்பிகளும் ஏணியும் சேரும் அதே பிணைப்பில் சேர்க்க வேண்டும். கல்கால்களுக்கு நடுவில் சட்டங்கள் தனித்தனியாக நிற்பதால் ஒவ்வொன்றையும் சேர்க்க வேண்டும், ஒன்று விட்டாலும் குறைதான். குளத்து மின்சுற்றுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச். இதை உரிமம் பெற்ற மின்பணியாளர் செய்யட்டும்.

வருடத்துக்கு ஒருமுறை, புரட்டாசியில், மழைக்கு முன் காலடிகளைச் சுற்றிச் சேர்ந்த சருகையும் மண்ணையும் கூட்டிக் கான்கிரீட்டின் சரிவு வெளியே தெரியும்படி வையுங்கள். ஆசிட் கேனையும் குளோரின் டப்பாவையும் வேலியோரம் வைக்க வேண்டாம், அந்த ஆவியில் 316 கூடப் பழுப்பேறும். கதவை மாதம் ஒருமுறை இரண்டு அங்குலம் மட்டும் திறந்து கையை எடுத்துவிடுங்கள். அந்தக் கொஞ்ச தூரத்திலிருந்தும் தானே போய்த் தாழிட்டால்தான் ஸ்பிரிங் சரி.

இன்னொன்று, இதை உடனே செய்யுங்கள். தண்ணீர் விடவில்லை என்பதால் அவசரமில்லை என்று இருந்துவிடாதீர்கள். ஐப்பசியில் ஒரே இரவு மழை போதும், வெறும் குளத்தின் அடியில் பிள்ளைக்கு முழங்கால் அளவு தண்ணீர் நின்றுவிடும். வேலிக் கதவு தாழிடும் நாள்வரை பின்கட்டுக் கதவுக்கு மேல்பக்கம் ஒரு நாதாங்கி போட்டுப் பூட்டுங்கள். சாவியை வீட்டில் இருக்கும் பெரியவர் ஒருவர் மட்டும் வைத்திருக்கட்டும்.